உடலில் எந்தத் தொந்தரவும் இல்லாதபோது ரத்தச் சர்க்கரை கூடியிருந்தால் என்ன ஆகும்?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக இப்படி எடுத்துக்கொள்கிறேன். வயது 52. அலுவலகத்தில் நடந்த ஆண்டுப் பரிசோதனையில் வெறும் வயிற்றில் சர்க்கரை 158, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 246, கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8.2 சதவீதம் என்று வந்திருக்கிறது. வேறொரு ஆய்வகத்தில் மறுபடி பார்த்தபோதும் ஏறக்குறைய அதே அளவுகள்தான். தாகம் இல்லை, இரவில் எழுந்து சிறுநீர் கழிப்பதில்லை, எடை குறையவில்லை, களைப்பும் இல்லை. மருத்துவர் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை எழுதிக்கொடுத்திருக்கிறார். வீட்டில் உள்ளவர்களோ "மாத்திரையைத் தொட்டால் அப்புறம் விடவே முடியாது, கிட்னியும் போய்விடும்" என்கிறார்கள். உடம்பு நன்றாக இருக்கும்போது வெறும் எண்ணைப் பார்த்து மருந்து சாப்பிட வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

சாப்பிட வேண்டும் என்பதே என் பதில். ஆனால் காரணம் புரியாமல் மாத்திரையைத் தொடங்குகிறவர்கள் சில மாதங்களிலேயே நிறுத்திவிடுவதைப் பொது மருத்துவனாகத் தொடர்ந்து பார்த்துவருவதால், காரணத்தைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். சர்க்கரை கூடியிருப்பதை உடல் நமக்கு உணர்த்தும் வழி ஒன்று. அந்தச் சர்க்கரை உடலைக் கெடுக்கும் வழி வேறொன்று. முதலாவது தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இரண்டாவது தொடங்கிவிடலாம். உங்கள் குழப்பம் முழுவதும் இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதிலிருந்து வருகிறது.

அறிக்கையில் 100 என்று இருந்தால் 100 மில்லி லிட்டரில் 100 மில்லிகிராம் குளுக்கோஸ் இருக்கிறது என்று பொருள். வளர்ந்த ஒருவரின் உடலில் ஓடும் ரத்தம் சுமார் 5 லிட்டர். கணக்குப் போட்டால் மொத்த ரத்தத்திலும் சேர்ந்து ஏறக்குறைய 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிச் சர்க்கரைதான் இருக்கிறது. ஒரு தட்டுச் சோற்றிலிருந்து மட்டும் 60, 70 கிராம் குளுக்கோஸ் ரத்தத்துக்குள் வருகிறது. அப்படி வந்தும் நீரிழிவு இல்லாதவருக்கு அளவு பெரும்பாலும் 140-க்குள்ளேயே நிற்கிறது என்றால், வரும் சர்க்கரையை அப்புறப்படுத்தும் ஏற்பாடு எவ்வளவு விரைவாக இயங்குகிறது என்பதை ஊகித்துக்கொள்ளலாம். கணையத்திலுள்ள பீட்டா செல்கள் சர்க்கரை ஏறுவதை உணர்ந்து இன்சுலினைச் சுரக்கின்றன. அந்த இன்சுலின் தசைகளையும் கொழுப்புத் திசுவையும் குளுக்கோஸை உள்வாங்கச் செய்கிறது. அதே நேரத்தில், தானே குளுக்கோஸைத் தயாரித்து வெளியிடும் கல்லீரலை அடக்கியும் வைக்கிறது.

கல்லீரலின் இந்த வேலை பலருக்குத் தெரிவதில்லை. "இரவு இரண்டே இட்லி சாப்பிட்டேன், காலையில் எப்படி 158 வந்தது?" என்று கேட்காத நோயாளி குறைவு. இரவு முழுவதும் மூளைக்குக் குளுக்கோஸ் வேண்டும் என்பதால் கல்லீரல் அதைச் சிறிது சிறிதாக வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. விடியற்காலையில் கார்டிசால் போன்ற ஹார்மோன்கள் ஏறும்போது இன்னும் கொஞ்சம் கூடுதலாக வெளியிடுகிறது. இன்சுலினின் சொல்லுக்குக் கல்லீரல் கட்டுப்படாதபோது இந்த உற்பத்தி வரம்பு மீறுகிறது. எனவே வெறும் வயிற்று அளவு முந்தைய இரவின் உணவைவிடக் கல்லீரலின் நிலையைத்தான் அதிகம் காட்டுகிறது. சாப்பிட்டபின் எடுக்கும் அளவு, கணையம் தேவையான நேரத்தில் தேவையான அளவு இன்சுலினைக் கொடுக்கிறதா என்பதைக் காட்டுகிறது. உங்களுக்கு இரண்டுமே உயர்ந்திருக்கின்றன.

இன்சுலினுக்குக் கட்டுப்படாத இந்த நிலை வயிற்றுக்குள், உறுப்புகளைச் சுற்றியும் கல்லீரலுக்குள்ளும் படியும் கொழுப்போடு நெருங்கிய தொடர்புடையது. நம் நாட்டவர்களுக்குக் கை கால்கள் மெலிந்திருந்தாலும் வயிற்றில் மட்டும் கொழுப்புச் சேரும் உடல்வாகு அதிகம். அதனால்தான் ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்று ஐரோப்பியர்களுக்கு உள்ளதைவிடக் குறைந்த வரம்பை இங்கே வைத்திருக்கிறார்கள். "நான் ஒல்லி, எனக்குச் சர்க்கரை வராது" என்பது நம் ஊரில் செல்லாத கணக்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு தழுவி நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவும் 13 கோடிக்கும் மேற்பட்டோருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது.

இனி அந்த "வெறும் எண்" பற்றி. வெறும் வயிற்றில் 100-க்குக் கீழ் இயல்பு; 100 முதல் 125 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை; 126-உம் அதற்கு மேலும் நீரிழிவு. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200-ஐ எட்டினாலும், எச்பிஏ1சி 6.5-ஐ எட்டினாலும் நீரிழிவுதான். தொந்தரவு இல்லாதவருக்கு ஒரே ஒரு அறிக்கையை வைத்து முடிவு செய்யக்கூடாது, ஒன்றுக்கு இரண்டு சோதனைகள் ஒத்துப்போக வேண்டும். உங்களுக்கு அது ஒத்துப்போயிருக்கிறது. இந்த 126, 6.5 என்ற கோடுகளை யாரும் மனம் போன போக்கில் போடவில்லை. பல்லாயிரக்கணக்கானோரின் விழித்திரையைப் படமெடுத்து, சர்க்கரை எந்த அளவைத் தாண்டும்போது கண்ணின் நுண்ணிய ரத்தக்குழாய்களில் நீரிழிவுக்கே உரிய பாதிப்பு தென்படத் தொடங்குகிறது என்று பார்த்துத்தான் அவற்றை வகுத்தார்கள். ஆகவே, எண் அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கிறது என்றால் கண் கெடக்கூடிய அளவை ரத்தம் எட்டிவிட்டது என்றே அர்த்தம்.

அப்படியானால் தாகமும் சிறுநீரும் ஏன் அதிகரிக்கவில்லை? சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும்போது குளுக்கோஸும் சேர்ந்து வடிகிறது. ஆனால் அதை வீணாக்காமல் முழுவதையும் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. இந்த உறிஞ்சும் திறனுக்கு ஓர் எல்லை உண்டு, ரத்தச் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டும்போது அது போதாமல் போகிறது. அதற்கு மேல் உள்ள சர்க்கரை சிறுநீரில் கலந்து, தன்னோடு நீரையும் இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது. அதனால்தான் அடிக்கடி சிறுநீர், அதனால்தான் தாகம், அதனால்தான் மெலிவு. உங்கள் எச்பிஏ1சி 8.2 என்பது ஏறக்குறைய 190 என்ற சராசரியைக் குறிக்கிறது. ஒவ்வொரு வேளை உணவுக்குப் பிறகும் சில மணி நேரம் மட்டும் அந்த எல்லையைத் தாண்டி, பிறகு இறங்கிவிடுகிறீர்கள். வெளியேறும் நீர் நீங்கள் கவனிக்கும் அளவுக்கு இருப்பதில்லை. வயது ஏற ஏற இந்த எல்லை 200-க்கு மேலும் நகர்ந்துவிடுவதால், 70 வயதில் 230 அளவோடு ஒன்றும் தெரியாமல் நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள். கோளாறு 126-இல் தொடங்குகிறது, அறிகுறி 180-க்கு வெகுவாக மேலே சென்றபின் தொடங்குகிறது. இடையில் உள்ள இந்தப் பகுதியில் மனிதர்கள் ஐந்து ஆண்டும் பத்து ஆண்டும் நலமாகவே உணர்ந்தபடி வாழ்ந்துவிடுகிறார்கள்.

அந்த ஆண்டுகளில் உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கு எச்பிஏ1சி சோதனையே நல்ல சாட்சி. குளுக்கோஸ் புரதங்களோடு மெல்ல ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. இதற்கு நொதி எதுவும் தேவையில்லை, அளவும் காலமும் போதும். சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் இப்படிச் சர்க்கரை ஒட்டிப்போயிருக்கிறது என்பதைத்தான் அந்தச் சோதனை அளக்கிறது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி அதில் பதிவாகிறது. (இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை இந்த அளவைப் பொய்யாகக் கூட்டும், ரத்தம் இழந்தவர்களுக்கும் அண்மையில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கும் பொய்யாகக் குறையும். ஹீமோகுளோபின் அளவைப் பார்க்காமல் எச்பிஏ1சியை மட்டும் நம்புவது சரியல்ல, குறிப்பாக நம் பெண்களிடம்.) ஹீமோகுளோபின் நான்கு மாதத்தில் அழிந்து புதிதாகப் பிறந்துவிடுகிறது. ரத்தக்குழாய்ச் சுவரிலும் சிறுநீரகச் சல்லடையிலும் உள்ள கொலாஜன் போன்ற புரதங்களோ பல ஆண்டுகள் நீடிப்பவை. அவற்றில் ஒட்டிய சர்க்கரை அவற்றை ஒன்றோடொன்று பிணைத்து, விறைக்கச் செய்து, அப்படியே தங்கிவிடுகிறது. பின்னாளில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தாலும் பழைய பாதிப்பு முழுவதும் மறையாததற்கு இது ஒரு காரணம்.

கண், சிறுநீரகம், நரம்பு ஆகிய மூன்றும் ஏன் குறிப்பாகப் பாதிக்கப்படுகின்றன என்ற கேள்விக்கும் விடை உண்டு. தசை செல் இன்சுலின் வந்தால்தான் குளுக்கோஸுக்குக் கதவைத் திறக்கும். இன்சுலின் வேலை செய்யாதபோது கதவு பெரும்பாலும் மூடியே இருக்கும். ஆனால் விழித்திரையின் நுண்குழாய்களை உட்புறம் போர்த்தியுள்ள செல்களுக்கும், சிறுநீரக வடிகட்டியின் இடைத்திசுச் செல்களுக்கும், நரம்புகளுக்கும் அந்தக் கதவை மூடத் தெரியாது. வெளியே 250 இருந்தால் உள்ளேயும் அதற்கேற்ப ஏறிவிடும். அளவுக்கு மிஞ்சிய குளுக்கோஸை எரிக்கும்போது செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகுகின்றன. ஒரு பகுதிக் குளுக்கோஸ் சார்பிட்டாலாக மாறி உள்ளேயே தேங்குகிறது. செல்லின் பல சமிக்ஞைகள் தாறுமாறாகின்றன. ஆக, சர்க்கரையைத் தடுத்து நிறுத்த முடியாத திசுக்கள்தான் அதன் முழு விலையையும் கொடுக்கின்றன.

கண்ணில், நுண்குழாய்களைத் தாங்கிப் பிடிக்கும் செல்கள் முதலில் அழிகின்றன. தாங்கல் இழந்த இடத்தில் குழாய் புடைக்கிறது, கசிகிறது, சில இடங்களில் அடைபடுகிறது. ரத்தம் கிடைக்காத விழித்திரை புதிய குழாய்களை வளர்க்கும்படி அழைப்பு விடுக்க, வலுவற்ற குழாய்கள் முளைத்து ஒரு நாள் வெடித்துக் கண்ணுக்குள் ரத்தம் கொட்டுகிறது. அதுவரையிலும் பார்வைப் பலகையின் கடைசி வரி வரை தெளிவாகப் படிப்பவர்கள் உண்டு. எனவே "எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது" என்பது விழித்திரை நலமாக இருப்பதற்குச் சான்றாகாது. கண்மணியை மருந்து விட்டு விரித்தோ, விழித்திரையைப் படமெடுத்தோ பார்த்தால்தான் தெரியும். நீரிழிவு கண்டறியப்பட்ட உடனே ஒரு முறையும் பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் இந்தச் சோதனை தேவை. உரிய காலத்தில் கண்டால் லேசர் சிகிச்சையாலும் கண்ணுக்குள் போடும் ஊசிகளாலும் பார்வையைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

இங்கே ஒரு சிறு குறிப்பு. சிகிச்சை தொடங்கிச் சர்க்கரை வேகமாக இறங்கும்போது கண்ணின் லென்சில் நீரின் அளவு மாறுவதால் சில வாரங்களுக்குப் பார்வை மங்கலாகத் தெரியலாம். பலர் மாத்திரைதான் கண்ணைக் கெடுத்துவிட்டது என்று பயந்து நிறுத்திவிடுகிறார்கள், சிலர் உடனே புதுக் கண்ணாடி வாங்கி அது இரண்டு மாதத்தில் பயனற்றுப் போவதைக் காண்கிறார்கள். சர்க்கரை நிலைப்பட்டபின் கண்ணாடி அளவை எடுப்பதே நல்லது.

சிறுநீரகத்தைப் பற்றித்தான் உங்கள் வீட்டில் அதிகம் கவலைப்படுகிறார்கள் என்பதால் அதை விரிவாகச் சொல்கிறேன். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்வடிகட்டிகள் இருக்கின்றன. சர்க்கரை கூடும்போது தொடக்கத்தில் அவை வழக்கத்தைவிட அதிக அழுத்தத்தில் அதிகமாக வடிகட்டுகின்றன. இந்தக் கட்டத்தில் ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவு மிக இயல்பாக இருக்கும். பின்னர் சல்லடையின் துளைகள் நெகிழ்ந்து, வெளியேறக் கூடாத ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் மிகச் சிறிய அளவில் கசியத் தொடங்குகிறது. சிறுநீரில் ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்புமின் இருந்தால் அது முதல் எச்சரிக்கை. 300-ஐத் தாண்டினால் பாதிப்பு ஆழமாகிவிட்டது. ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறுவது இவற்றுக்கெல்லாம் பிறகு, வடிகட்டும் திறனில் ஏறக்குறைய பாதி போனபின் நடப்பது. ஆகவே "கிரியாட்டினின் 0.9, கிட்னி பிரமாதம்" என்ற ஆறுதல் அரைகுறையானது. பல பரிசோதனைத் திட்டங்களில் சிறுநீர் ஆல்புமின் சோதனையைச் சேர்ப்பதே இல்லை. நீங்களாகக் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களில் பலர் நீண்ட காலம் மாத்திரை சாப்பிட்டவர்கள் என்பது உண்மைதான். அவர்கள் நீண்ட காலம் நீரிழிவோடும், பெரும்பாலும் உயர் ரத்த அழுத்தத்தோடும் வாழ்ந்தவர்கள் என்பதை விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் குற்றவாளியாக்குவதுதான் பிழை. மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. அது சிறுநீரகத்தின் வழியாக வெளியேறும் மருந்து. ஆகையால் சிறுநீரகம் வேறு காரணத்தால் பழுதடைந்து, வடிகட்டும் வீதம் (அறிக்கையில் இஜிஎஃப்ஆர்) 45-க்குக் கீழே போகும்போது அளவைக் குறைப்போம், 30-க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவோம். "கிட்னி கெட்டதும் டாக்டரே அந்த மாத்திரையை நிறுத்தினார்" என்ற செய்தி ஊரில் பரவும்போது காரணமும் விளைவும் இடம் மாறிவிடுகின்றன. மெட்ஃபார்மினால் சிலருக்கு வயிற்றுப்போக்கும் வயிற்றுப் பொருமலும் வரும். உணவோடு சேர்த்து, குறைந்த அளவில் தொடங்கினால் பெரும்பாலும் தணிந்துவிடும். பல ஆண்டுகள் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம், அதை அவ்வப்போது சோதித்துக்கொள்ள வேண்டும்.

உண்மையில் சிறுநீரகத்துக்கு ஆபத்தானவை மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் மருந்துக் கடையில் தாமாகவே வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் டைக்குளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும், உள்ளடக்கம் எழுதப்படாத டப்பாக்களில் வரும் பொடிகளும்தான். அவற்றை யாரும் சந்தேகிப்பதில்லை என்பது எனக்கு எப்போதும் வியப்பு. மாறாக, டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற புதிய வகை மாத்திரைகள் சர்க்கரையைக் குறைப்பதோடு சிறுநீரகம் பழுதடையும் வேகத்தையும் குறைக்கின்றன என்பது பெரிய ஆய்வுகளில் நிறுவப்பட்டிருக்கிறது. காப்புரிமைக் காலம் முடிந்து பல நிறுவனங்கள் தயாரிப்பதால் இவற்றின் விலையும் இங்கே குறைந்திருக்கிறது. சிறுநீரில் ஆல்புமின் கசிபவர்களுக்கு டெல்மிசார்ட்டன், ராமிப்ரில் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகளும் இதே பாதுகாப்பைத் தருகின்றன. சிறுநீரகத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற கவலை நியாயமானது. அதற்கான வழி மாத்திரையைத் தவிர்ப்பதில் இல்லை.

நரம்புகளில் மிக நீளமானவை பாதம் வரை செல்பவை, அவைதான் முதலில் பாதிக்கப்படுகின்றன. விரல் நுனியில் மதமதப்பு, இரவில் பாத எரிச்சல், பஞ்சின் மேல் நடப்பது போன்ற உணர்வு எனத் தொடங்கி இரு கால்களிலும் சமமாக மேலேறுகிறது. எரிச்சல் உள்ளவர்கள் மருத்துவரிடம் வந்துவிடுகிறார்கள். எந்த வலியும் இல்லாமல் உணர்ச்சி மட்டும் குறைகிறவர்கள் வருவதில்லை. கோயில் பிராகாரத்தில் சித்திரை வெயிலில் வெறுங்காலோடு சுற்றிவந்து பாதம் கொப்பளித்ததை மறுநாள்தான் பார்ப்பவர்கள், கால்வலிக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டு தோலை வேகவைத்துக்கொள்பவர்கள், செருப்புக்குள் கிடந்த ஆணியோடு மாலை வரை நடந்தவர்கள் என்று நம் ஊரின் கால் புண்கள் இப்படித்தான் பிறக்கின்றன. ரத்த ஓட்டமும் குறைந்து சர்க்கரையும் கூடியிருந்தால் அந்தப் புண் ஆறாமல் எலும்பு வரை இறங்கி, விரலையோ காலையோ எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோகிறது. மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சியைச் சோதிப்பது இரண்டு நிமிட வேலை. உணர்ச்சி குறைந்தவர்கள் எம்.சி.ஆர். என்ற மிருதுவான ரப்பர் செருப்பு அணிந்து, வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்காமல், தினமும் பாதத்தைப் பார்த்துக்கொண்டால் பெரும்பாலான கால் இழப்புகளைத் தவிர்க்க முடியும்.

உள்ளுறுப்புகளைத் தாமாகவே இயக்கும் தன்னியக்க நரம்புகளும் கெடுவதுண்டு. ஆண்மைக் குறைவு, எழுந்து நிற்கும்போது தலைசுற்றல், இரைப்பை மெதுவாகக் காலியாவதால் சிறிது சாப்பிட்டதும் வயிறு நிரம்பியது போன்ற உணர்வு ஆகியவை இதன் விளைவுகள். மாரடைப்பின்போது நெஞ்சுவலியே தெரியாமல் போவதும் இதனோடு தொடர்புடையது. நீரிழிவு உள்ளவருக்குத் திடீர் மூச்சுத் திணறலோ, காரணமில்லாத வியர்வையோ, வாந்தியோ வந்தால் இதயத் துடிப்புப் படம் எடுத்துப் பார்ப்பதற்குக் காரணம் அதுதான்.

நீரிழிவாளர்களின் உயிரை அதிகம் பறிப்பவை இதய நோயும் பக்கவாதமும்தான். இவற்றின் வாய்ப்பு மற்றவர்களுக்கு உள்ளதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. ஆனால் இங்கே சர்க்கரை தனியாக வேலை செய்வதில்லை, ரத்த அழுத்தம், கொழுப்பு, புகை மூன்றும் அதனோடு கூட்டுச் சேர்கின்றன. அதனால் 40 வயதைக் கடந்த நீரிழிவாளருக்குக் கொலஸ்ட்ரால் அறிக்கை சுமாராக இருந்தாலும் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரையைப் பரிந்துரைக்கிறோம். இவை தவிர, காசநோய் வரும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்காகிறது. ஈறு வீக்கம், சிறுநீர்த் தொற்று, பிறப்புறுப்பில் பூஞ்சை அரிப்பு, தோள்பட்டை இறுக்கம் ஆகியவையும் அடிக்கடி வரும்.

சரி, இத்தனை பாதிப்புகளையும் மருந்தால் தடுக்க முடியும் என்பதற்கு என்ன ஆதாரம்? பிரிட்டனில் 1977-இல் தொடங்கி 1998-இல் முடிவுகள் வெளியான ஒரு பெரிய ஆய்வு, புதிதாக நீரிழிவு கண்டறியப்பட்ட 5,000-க்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்தது. அவர்களில் பெரும்பாலோர் ஏறக்குறைய நீங்கள் இப்போது நிற்கும் இடத்தில் நின்றவர்கள். கண்டறியப்பட்ட நாளிலேயே அவர்களில் பாதிப் பேருக்கு ஏதோ ஓர் உறுப்பில் பாதிப்பின் தடயம் இருந்தது. தீவிர சிகிச்சை பெற்ற பிரிவின் எச்பிஏ1சி சராசரி 7.0, வழக்கமான சிகிச்சை பெற்ற பிரிவுக்கு 7.9. இந்த 0.9 வித்தியாசம் நுண்குழாய்ப் பாதிப்புகளை 25 சதவீதம் குறைத்தது. ஆய்வு முடிந்தபின் இரு பிரிவினரின் சர்க்கரை அளவும் ஒன்றாகிவிட்டது. ஆயினும் பத்து ஆண்டுகள் கழித்து 2008-இல் பார்த்தபோது, தொடக்க ஆண்டுகளில் நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களிடம் நுண்குழாய்ப் பயன் நீடித்ததோடு மாரடைப்பும் இறப்பும்கூடக் குறைந்திருந்தன. முதல் சில ஆண்டுகளின் கட்டுப்பாடு பிற்காலத்துக்கும் பலன் தருகிறது. "தொந்தரவு வரும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று நீங்கள் தள்ளிப்போட நினைப்பது அந்த ஆண்டுகளைத்தான்.

குறைக்கக் குறைக்க நல்லது என்றும் நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த மற்றோர் ஆய்வில், பல ஆண்டுகளாக நீரிழிவும் இதய ஆபத்தும் உள்ள, சராசரி 62 வயதுடைய நோயாளிகளுக்கு எச்பிஏ1சியை 6-க்குக் கீழே கொண்டுவர முயன்றபோது இறப்புகள் கூடின. 2008-இல் அந்தப் பிரிவின் தீவிர சிகிச்சையை நிறுத்த வேண்டியதாயிற்று. ஆகவே 52 வயதில், நோயின் தொடக்கத்தில் உள்ள உங்களுக்கு 7-க்குக் கீழே, இயன்றால் 6.5 அருகே என்பது பொருத்தமான இலக்கு. தனியாக வசிக்கும் 80 வயது முதியவருக்கு 8 போதும். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் நடுக்கம், வியர்வை, படபடப்பு, குழப்பம் வரும். மெட்ஃபார்மினை மட்டும் சாப்பிடுகிறவருக்கு இப்படி இறங்குவது மிக அரிது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் எடுப்பவர்கள்தான் சாப்பாட்டை விட்டுவிடக் கூடாது.

உணவைப் பற்றி நம்மிடையே புழங்கும் நம்பிக்கைகளில் பாதி, இனிப்பின் நிறத்தை மாற்றினால் போதும் என்பதாகவே இருக்கிறது. கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாமே ரத்தத்தில் சர்க்கரையாகத்தான் சேர்கின்றன. வெள்ளைச் சர்க்கரையை விட்டுவிட்டுக் கருப்பட்டிக் காபி மூன்று வேளை குடிப்பதில் லாபம் இல்லை. கேழ்வரகு நல்ல தானியம்தான், ஆனால் அதை மாவாக அரைத்துக் கூழாகக் காய்ச்சிக் குடிக்கும்போது செரிமானம் மிக விரைவாக நடந்து சர்க்கரை சோற்றுக்கு இணையாக ஏறுகிறது. கோதுமைக்கு மாறிவிட்டேன் என்று ஆறு சப்பாத்தி சாப்பிடுவதும் அப்படியே. தட்டில் சோற்றின் அளவைப் பாதியாக்கி, அந்த இடத்தைக் கீரை, அவரை, கொத்தவரை, சுண்டல், முட்டை, மீன் ஆகியவற்றால் நிரப்புவதே பயன் தருவது. காய்கறியையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டுச் சோற்றைக் கடைசியில் சாப்பிட்டால் சர்க்கரை ஏறும் உச்சம் குறைகிறது. சாப்பிட்டபின் 15 நிமிடம் நடந்தால் தசைகள் இன்சுலினின் உதவியை அதிகம் எதிர்பாராமலேயே குளுக்கோஸை எடுத்துக்கொள்கின்றன. நடை மட்டும் போதாது; தசை வலுவுக்கான பயிற்சியும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் தேவை.

மாத்திரையை வாழ்நாளில் விட முடியாதா என்ற கேள்விக்கு, சிலருக்கு முடியும் என்பது பதில். 2017-இல் வெளியான பிரிட்டன் ஆய்வொன்றில், நீரிழிவு வந்து ஆறு ஆண்டுகளுக்கு உட்பட்ட, உடல் பருமன் உள்ளவர்கள் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டால் எடையைக் குறைத்தபோது, ஓராண்டில் 46 சதவீதம் பேர் மருந்தில்லாமலேயே நீரிழிவு வரம்புக்குக் கீழே வந்தனர். 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களிடம் இந்த விகிதம் 86 சதவீதம். அவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள், நம் உடல்வாகு வேறு என்பதால் அந்த விகிதம் இங்கே அப்படியே கிடைக்கும் என்று நான் வாக்குத் தரமாட்டேன். ஆனால் வயிற்றுச் சுற்றளவு குறையக் குறைய மாத்திரையின் தேவையும் குறைவதைக் கண்ணாரக் காண்கிறோம். அந்த முயற்சி முடியும் வரை ரத்தம் 190-லேயே ஓடட்டும் என்று விடாமல், இப்போது மாத்திரையைத் தொடங்கி, அளவுகள் இறங்கியபின் மருத்துவரோடு பேசிக் குறைப்பதே சரியான வரிசை.

காத்திருக்கக் கூடாத சூழல்களும் உண்டு. சர்க்கரை 300-க்கு மேல் தொடர்ந்து நின்று, கூடவே வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த வேகமான மூச்சு, மூச்சில் பழ வாசனை இருந்தால் அது கீட்டோன் அமிலம் பெருகிய நிலை. முதியவர்களுக்குக் காய்ச்சல் அல்லது வயிற்றுப்போக்கின்போது சர்க்கரை 600-ஐத் தாண்டி, உடலின் நீர் வற்றி, குழப்பமும் மயக்கமும் வரலாம். இரண்டுக்குமே அன்றே மருத்துவமனைக்குச் சென்றாக வேண்டும். ஸ்டீராய்டு மருந்து எடுக்கும் நாட்களிலும் சர்க்கரை வெகுவாக ஏறும் என்பதை நினைவில் வையுங்கள்.

இந்த மாதத்துக்குள் விழித்திரைப் பரிசோதனை, சிறுநீர் ஆல்புமின், கிரியாட்டினின், ஹீமோகுளோபின், கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம், பாத உணர்ச்சிச் சோதனை, இதயத் துடிப்புப் படம் ஆகியவற்றை முடித்துவிடுங்கள். மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சியை மறுபடி பாருங்கள். செலவு ஒரு தடையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்தும் தருகிறார்கள். உங்களுக்கு வந்திருப்பதால் உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வரும் வாய்ப்பு அதிகம். சென்னையில் நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரிடம் நடத்தப்பட்டு 2006-இல் வெளியான ஆய்வில், உணவையும் நடையையும் சீர்ப்படுத்திக்கொண்டவர்களிடம் மூன்று ஆண்டுகளில் நீரிழிவாக மாறும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. உங்கள் பிள்ளைகள் 30 வயதைத் தாண்டியிருந்தாலோ, அதற்கு முன்பே வயிறு பெருத்திருந்தாலோ, அவர்களையும் வெறும் வயிற்றில் ஒரு முறை ரத்தம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.